நாலரை வருடம் அதைப் பயம் என்றார்கள்

கடல் என் உம்மாவையும் வீட்டையும் கொண்டு போய் ஒரு மாதம் கழிந்திருந்தது. 2005 தை மாதக் கடைசி. சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் எங்களுக்கு முகாம். காலையில் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தேன். நெஞ்சு ஓடத் தொடங்கியது. அடித்தது என்று சொல்ல மாட்டேன். ஓடியது, கயிறு அறுத்த மாடு மாதிரி. தொண்டைக்குழி துடிப்பது பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரிந்தது. கண் இருட்டி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இருபது நிமிடம் இருக்கும். பிறகு சட்டென்று நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி ஒழுங்காக அடித்தது.

"பயம் புள்ள," என்றார்கள் சுற்றி நின்ற பெண்கள். "எல்லாருக்கும் இப்பிடித்தான் கெடக்கு. கடல நெனச்சிருப்பாய்."

நான் கடலை நினைக்கவில்லை. வாளியைத்தான் நினைத்தேன். ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அழுதுகொண்டிருக்கும் இடத்தில் என் நெஞ்சு ஓடுகிறது என்று எப்படிக் கதைப்பது?

அன்பான சகோதரிகளே, என் பெயர் பௌஸியா. அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. கலியாணம் முடித்து ஒரு வருடம். என் மாப்பிள்ளை ஹனீபா மேசன் வேலை செய்பவர். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை நான் மூடி வைத்தால் அது நன்றிகெட்ட வேலை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முகாமுக்கு வெளிநாட்டு வைத்தியர்கள் சிலர் வந்தார்கள். என் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து நெஞ்சு நல்ல பிள்ளையாக அடித்தது. பின்னால் காயக்காரர்களின் வரிசை நீண்டு கிடந்தது. கடதாசியை என் கையில் தந்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று சைகை காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எங்கள் கடதாசி எல்லாம் கடலோடு போயிருந்தது. பிறந்த பதிவு, கலியாணப் பதிவு, ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு என் பெயர் எழுதிக் கிடைத்த முதல் கடதாசி அதுதான். அதற்காகவே அதை மடித்து ஒரு பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு வீடு இல்லாமல் போனதால் வழக்கம் தலைகீழானது. முகாமிலிருந்து நான் வரிப்பத்தான்சேனைக்கு, மாப்பிள்ளையின் மூத்த சகோதரி, ராத்தா வீட்டுக்குப் போனேன். அவதான் ஸுலைஹா மதினி. விதவை. கணவர் மவுத்தாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. நாலு ஏக்கர் வயலைத் தனியாகச் செய்து, அரிசி குற்றி அம்பாறைச் சந்தையில் விற்பா. அந்தச் சந்தையில் நின்று நின்று சிங்களம் தண்ணீர் மாதிரிக் கதைப்பா. விடியலில் ஸுப்ஹுத் தொழுதால் இரவு இஷாவரைக்கும் அவ குந்தியிருந்து நான் கண்டதில்லை.

அப்படிப்பட்ட மனுசிக்குப் பக்கத்தில் நான். நெல்லுச் சாக்கில் ஒரு பக்கம் பிடித்தால் நெஞ்சு ஓடும். கிணற்றில் நாலு வாளி அள்ளினால் ஓடும். சில நாள் சும்மா இருக்கும்போதும் ஓடும். மதினி வந்து பார்க்கும் நேரம் அது நின்றிருக்கும். நான் சுவரில் சாய்ந்து வியர்த்துக் கிடப்பேன்.

ஒரு நாள் அடுக்களையில் யாரிடமோ அவ சொன்னது என் காதில் விழுந்தது.

"கடல் இவட ஊட்டத்தான் கொண்டு போன எண்டு நெனச்சன். கையையும் காலையும் சேத்துக் கொண்டு போயிட்டு போல."

கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் அன்று பகல் சாப்பிடவில்லை.

ஓதிப் பார்த்தார்கள். தண்ணீர் ஓதித் தந்தார்கள், குடித்தேன். அதில் மனதுக்கு ஆறுதல் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிலர், "ஈமான் உறுதியா இருந்தா இந்தப் பயம் வராது," என்று சொன்னபோது உடைந்து போனேன். எனக்கே சந்தேகம் வந்தது. என் ஈமானில்தான், இறைநம்பிக்கையில்தான் ஓட்டையோ?

மூன்று வருடம் இப்படிப் போனது. 2008இல் காலில் நீர் இறங்கியது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தால் நிமிர முடியாமல், கதிரையில் இருந்து தொழ ஆரம்பித்தேன். மாப்பிள்ளை என்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் பார்த்த டொக்டர் சொன்னார்: "இதயம் பெருத்திருக்கு. தசை பலம் இல்ல. ஒரு தரத்துக்குத் தள்ள வேண்டிய ரத்தத்தில பாதியத்தான் தள்ளுது. காரணம் விளங்கல்ல. வில்லையைக் குடிங்க. பிள்ளை பெறுறத இப்ப யோசிக்க வேணாம்."

திரும்பி வரும்போது மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை வீதியோரம் நிறுத்திவிட்டு, டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து நின்றார். டயருக்கு ஒன்றும் இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

மதினியிடம் சொன்னோம். "வில்லையக் குடி," என்று மட்டும் சொன்னா. நம்பினாவா இல்லையா என்று தெரியவில்லை.

2009 மாசி மாதம், மாரிப்போக அறுவடை. வெட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டு போக ஆள் இல்லை. நான் போகிறேன் என்றேன். வீம்புதான், வேறொன்றுமில்லை. வரம்பில் பாதி தூரம் போனதும் நெஞ்சு ஓடத் தொடங்கியது. சோற்றுப் பெட்டியை வரம்பில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஞாபகம் இல்லை.

கண் திறந்தபோது என் தலை மதினியின் மடியில் இருந்தது. அவவின் சேற்றுக் கை என் நெஞ்சில். நெஞ்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் முதல் தடவையாக வேறொரு ஆள் அதைத் தொட்டுப் பார்க்கிறா.

"யா அல்லாஹ்! இது என்னகா இது? குருவிக் குஞ்சு மாதிரி அடிக்குதே! இதையா நீ இவ்வளவு நாளும் வெச்சிக்கிட்டு இருந்தாய்?"

"ஓம் மதினி."

"ஏன்கா சொல்லல்ல?"

"சொன்னேனே மதினி."

அந்த வரம்பிலேயே, வெட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க, ஸுலைஹா மதினி ஓவென்று அழுதா. "நான் உன்னப் பொய்க்காரி எண்டு நெனச்சன் புள்ள. அல்லாஹ் எனக்கு மன்னிக்கணும். நீ மன்னிப்பியா?"

மன்னிப்பதற்கு என்ன இருந்தது? நானே என்னைச் சந்தேகப்பட்டவள்தானே. ஆனால் அன்று முதல் எனக்குச் சொந்தத்தில் ஒரு ராத்தா கிடைத்தா.

கிளினிக்கில் கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள். அது யுத்தத்தின் கடைசி மாதங்கள். கொழும்பு போகிற பாதை முழுக்கச் சோதனை. பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். பத்து அடி நடக்க முடியாதவள் எப்படிப் போவது? "கொஞ்சம் பொறுப்பம்," என்றார் மாப்பிள்ளை. பொறுத்தோம்.

அந்த மாதங்களில்தான் என் துஆ மாறியது. நாலு வருடமாக, "யா அல்லாஹ், சுகத்தைத் தா," என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இருந்தபோது நானே எதிர்பாராமல் வாயில் வேறொன்று வந்தது.

"யா அல்லாஹ், சுகம் தருவதும் தராததும் உன் விருப்பம். இது என்னவென்று மட்டும் எனக்குக் காட்டித் தா. எனக்குள்ளே இருப்பது பயமா, நோயா, என் ஈமானின் குறையா? நீ படைத்த நெஞ்சு இது. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியப்படுத்து."

பக்கத்துப் பாயில் இருந்த மதினி சத்தமாக, "ஆமீன்!" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு அஸருக்கும் இதே துஆ, அதே ஆமீன். அவ சும்மா ஆமீன் சொல்லவில்லை. கடைத்தெருவில் விலை பேசி முடித்த ஆள் மாதிரி அழுத்திச் சொல்லுவா.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. ஆனியில் புறப்பட்டோம். பெண்கள் வார்டில் ஆண்கள் நிற்க முடியாது, எனக்குச் சிங்களமும் தெரியாது. மதினிதான் கூட வந்தா. இரண்டு இடத்தில்தான் இறங்கச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் மதினி போய்ச் சிங்களத்தில் ஏதோ கதைத்தா. "நீங்க இருங்க அம்மா," என்று என்னை ஆசனத்திலேயே இருக்க விட்டார்கள்.

கொழும்பில் ஈ.சி.ஜி. எடுத்தது ஒரு சிங்களப் பெண். நாற்பது வயது இருக்கும், ஒடிசலான ஆள், கண்ணாடி போட்டிருந்தா. என் பெயரை இரண்டு தரம் கேட்டு எழுதினா. பிறகு ஸ்கேன். பிறகு டொக்டர். வரிசை வாசல் கடந்து நின்றது. பாவம், அவர் முகத்தில் களைப்பு. "அதே வில்லைகளைத் தொடருங்க. மூன்று மாதத்தில வாங்க," என்றார்.

அவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? நாங்கள் கேற்றுக்கு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். நான் அழவில்லை. அழக்கூட மூச்சு இல்லை. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

அப்போது பின்னால் ஒரு சத்தம்.

"அக்கே! அக்கே! பொட்டக் இன்ன!"

கொஞ்சம் நில்லுங்கள் என்று கத்திக்கொண்டு, செருப்பு படபடக்க, அந்த ஈ.சி.ஜி. எடுத்த பெண் வீதியால் ஓடி வந்தா. கையில் என் கடதாசி. மூச்சு வாங்க மதினியிடம் ஏதோ கேட்டா.

மதினி என் பக்கம் திரும்பினா. "பழைய ஈ.சி.ஜி. ஏதும் இரிக்கா எண்டு கேக்குறா புள்ள."

முகாமில் தந்த அந்தக் கடதாசி. பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டையோடு மடிந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டையும் பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தா. ஒரு விரலால் தொட்டுக் காட்டினா. ஒவ்வொரு துடிப்பின் கோடும் எழும்பும் இடத்தில் ஒரு சின்னச் சரிவு இருந்தது. புதியதிலும் அதே சரிவு, பழையதிலும் அதே சரிவு.

"இது நோயால வந்ததில்லையாம். பொறக்கக்குள்ளேயே இருந்ததாம்," என்றா மதினி. "வா, வா, திரும்ப உள்ள வரட்டாம்!"

அவ எங்களை வேறொரு டொக்டரிடம் கூட்டிப் போனா. இதயத்தின் மின்சாரத்தை மட்டும் பார்க்கிற டொக்டர். அவர் கடதாசிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு படம் வரைந்து விளங்கப்படுத்தினார். மதினி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னா.

"இஞ்ச கேள் புள்ள. இதயத்துக்குத் தண்ணி... இல்ல, கரண்ட் போறதுக்கு ஒரே ஒரு பெரிய வாய்க்கால்தானாம். அதாலதான் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில பாயணும். உனக்குப் பொறவியிலேயே கள்ள வாய்க்கால் ஒண்டும் இருக்காம். அதால பூந்து ஒரு பக்கத்துக்கு முந்திப் பாயுதாம். ஒரு பக்கம் முந்தி அசைய, மத்தப் பக்கம் பிந்தி அசைய, வருசக் கணக்கா இப்பிடி இழுபட்டுத்தான் இதயம் களைச்சிப் போயிருக்குமாம். சில நேரம் பெரிய வாய்க்காலால போய்க் கள்ள வாய்க்காலால திரும்பி வந்து சுத்திச் சுத்தி ஓடுதாம். அதுதான் உன்ட நெஞ்சோட்டம்."

நான் டொக்டரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டுவிட்டேன். "அப்ப இது பயம் இல்லையா?"

மதினி சிங்களத்தில் கேட்டா. அவர் சிரித்துத் தலையசைத்தார். "பய நெவெய்."

பயம் இல்லை. சகோதரிகளே, அந்த இடத்திலேயே என் துஆ கபூலாகி, ஏற்கப்பட்டுவிட்டது. நான் கேட்டது அதைத்தானே! என்னவென்று காட்டித் தா என்றேன். படமே வரைந்து காட்டிவிட்டான். நோயோடு வீட்டுக்குப் போயிருந்தாலும் நான் அன்று சந்தோசமாகத்தான் போயிருப்பேன்.

ஆனால் அவன் கேட்டதோடு நிறுத்தவில்லை.

அந்தக் கள்ளப் பாதையைச் சூட்டால் அடைக்கலாம் என்றார் டொக்டர், மதினியின் வாய்வழியாக. நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை. தொடை இடுக்கு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை இதயம் வரை கொண்டு போய், அந்த இடத்தை மட்டும் சுடுவார்கள். "இதயம் பழைய பலத்துக்கு வரும் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது. வரலாம். இன்னொன்று. அந்தப் பாதை பெரிய பாதைக்குக் கிட்ட இருக்கு. சூடு தவறினால் பெரிய பாதையும் அடைபடும். அப்படி நடந்தால் நெஞ்சுக்குள்ளே மெஷின் வைக்க வேண்டி வரும்."

என்னைச் சேர்த்துக்கொண்ட வார்டு மூலையில் மதினியின் சால்வையை விரித்து இரண்டு ரக்அத் தொழுதேன். மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன். "மச்சான், என்ன செய்ற?" என்றேன். அவர் சொன்னார்: "காட்டித் தந்தவன் கைவிட மாட்டான். செய் பௌஸியா."

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மயக்கம் தரவில்லை. முழித்துக்கொண்டுதான் கிடந்தேன். அறை குளிர்ந்தது. வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். வயரால் இதயத்தைத் தட்டிவிட்டார்கள். அந்த ஓட்டம் தொடங்கியது, வாளி தூக்கிய நாளில் ஓடிய அதே ஓட்டம். திரையில் கோடுகள் நெருக்கி நெருக்கி ஓடின. அறையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நோகுதா என்று தாதி மிஸ்ஸி ஒருத்தி கேட்டா. நோகவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்ற சந்தோசம்!

ஓட்டத்தை நிறுத்தி, இடத்தைத் தேடினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மிகவும் நேரம். பிறகு டொக்டர் ஏதோ சொன்னார். நெஞ்சுக்குள் இலேசாக ஒரு சூடு. நான் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி முடிக்கவில்லை, திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் கையைத் தட்டினா. அந்த ஈ.சி.ஜி. பெண்தான்! தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி, "நல்லம்! நல்லம்! போய்ட்டு!" என்றா. கோட்டில் அந்தச் சரிவு இல்லை. பெரிய பாதைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டிப் பார்த்தார்கள். நெஞ்சு ஓடவில்லை. ஓட வழி இல்லை.

காலை மடக்காமல் ஆறு மணித்தியாலம் கிடக்கச் சொன்னார்கள். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்ய முடியாது. கண்ணால் சைகை செய்தே பகல் லுஹர் தொழுதேன். என் வாழ்நாளில் அதைப் போல ஒரு தொழுகை நான் தொழுததில்லை. மதினி சோற்றைப் பிசைந்து ஊட்டினா. வாயில் வைக்க முதல் ஒவ்வொரு கவளத்துக்கும் என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தா. "சத்தமே இல்லகா!" என்றா.

அடுத்த ஸ்கேனில் இதயம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். 2010 பங்குனியில் டொக்டர் திரையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, என் பெயரைச் சரிபார்த்துவிட்டு, "இது ஒரு சாதாரண மனுசியின் இதயம்," என்றார். மதினி அதைச் சிங்களத்தில் கேட்டு, தமிழில் எனக்குச் சொல்லி, திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பாஷையிலும் எல்லாருக்கும் சொன்னா. கண்டக்டர் காசு வாங்க வந்தபோது அவருக்கும் சொன்னா.

அந்த வருட நோன்பு முப்பதையும் பிடித்தேன். நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகை முழுவதையும் நின்று தொழுதேன். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்து, சாய்ந்தமருதுக்கே திரும்பினோம். புறப்படும் நாள் மதினி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்புப் புகை என்று கண்ணைத் துடைக்கிறா. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. மறு மாதமே ஒரு மூட்டை அரிசியோடு வந்து, ஒரு கிழமை நின்றுவிட்டுப் போனா.

டொக்டர்கள் சம்மதம் தந்தார்கள். 2011 ஆவணியில் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கொழும்புக்குப் போன் எடுத்து அந்த ஈ.சி.ஜி. பெண்ணிடம் மதினி சொன்னபோது, அந்தப் பக்கம் அவ கத்தியது எனக்கும் கேட்டது.

2012 சித்திரை. ஒரு புதன்கிழமைப் பின்னேரம், எங்கோ தூரத்தில் பூமி அதிர்ந்ததாம், கடல் வரலாம் என்று அறிவித்தார்கள். பள்ளி ஒலிபெருக்கியில் சொன்னதும் ஊரே எழும்பி ஓடியது. நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். மதினி அன்று எங்களோடு நின்றா. ஒரு கையில் என் பை, மறு கையில் என் முழங்கை. மேட்டில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். நெஞ்சு தடதடவென்று அடித்தது.

மதினி கையை வைத்துப் பார்த்தா. முகம் வெளுத்துப் போனது. "என்னகா இது? திரும்ப வந்திட்டா?"

"இல்ல மதினி," என்றேன். "இது பயம். உண்மையான பயம்!"

அவ நெஞ்சிலிருந்து கையை எடுத்தா. பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சுற்றி எல்லாரும் கலிமா சொல்லிக்கொண்டு நிற்க, நாங்கள் சிரிக்கிறோம். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கடலும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நெஞ்சும் மெல்ல மெல்ல, தானாக, அடங்கியது.

சகோதரிகளே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உடம்பு சொல்வதை ஈமானின் குறை என்று நினைத்து மறைக்காதீர்கள். இன்னொருத்தி சொல்வதை வேலை செய்யாமல் இருக்கச் சொல்லும் சாட்டு என்று தள்ளாதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் அதையும் அவனிடமே கேளுங்கள். அவன் உதவி எந்தப் பாஷையில், எந்த முகத்தில் வரும் என்று நமக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள், அவ்வளவுதான்.

மதினிக்கு இப்போது அம்பாறைச் சந்தையில் அரிசி வியாபாரத்தோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. எந்தப் பெண் நெஞ்சு படபடக்கிறது என்றாலும், "ஈ.சி.ஜி. எடுத்தியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. வருகிற திங்கட்கிழமை இறக்காமத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறோம். வயது பத்தொன்பது. வீட்டில் எல்லாரும் பயம் என்கிறார்களாம். நேற்று அவளோடு பாய் விரித்து அஸர் தொழுதோம். அவள் துஆக் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஆமீன் சொன்னோம். நீங்களும் சொல்லுங்கள்.